மகளுக்கு வந்த கம்பி என் மூக்கில்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தை மாதத்தில், திருவொற்றியூரில் அடுத்தடுத்த இரண்டு நாட்களில் என் மூக்கை இரண்டு முறை குத்திக்கொண்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் இடது பக்கம். வெள்ளிக்கிழமை காலை வலது பக்கம். அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. நான் ஆண். நாலு பேர் நிற்கிற இடத்தில் நிமிர்ந்து பார்க்கவே கூச்சப்படுகிற ஆள். கல்யாணப் போட்டோவில்கூட என் முகம் பாதிதான் தெரியும். அப்படிப்பட்டவன் ஏன் இதைச் செய்தேன் என்பதைச் சொல்கிறேன்.

எண்ணூர் போகும் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டின் வாசலில் எனக்கு வேலை. துறைமுகத்திலிருந்து வருகிற லாரிகளை நிறுத்தி, பெட்டியின் எண், பூட்டின் சீல் எண் எல்லாம் சரியா, எங்காவது நசுங்கியிருக்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். சரியில்லாத பெட்டியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட வேண்டும். பேச்சு குறைவான வேலை என்பதால் எனக்குப் பிடித்துப்போய் இருபது வருடம் ஓடிவிட்டது.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமாகியிருந்தது. முதலில் ஒரு பையன் பிறந்தான். ஒன்பது நாள் இருந்தான். அடுத்தது பெண். நான்கு மாதம் இருந்தாள். இரண்டுக்கும் டாக்டர்கள் காரணம் சொன்னார்கள், எனக்குப் பாதிதான் புரிந்தது. அதற்குப் பிறகு எட்டு வருடம் ஒன்றும் இல்லை. நானும் என் மனைவியும் அந்த இரண்டு பேரைப் பற்றிப் பேசிக்கொள்வதையே விட்டுவிட்டோம். விட்டுவிட்டோம் என்று சொல்வது தப்பு. நான்தான் பேசவிடவில்லை. அவள் ஆரம்பித்தால் நான் செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவேன். திரும்பி வரும்போது அவள் சமைத்துக்கொண்டிருப்பாள். அவ்வளவுதான்.

எட்டு வருடம் கழித்து யாரும் எதிர்பார்க்காமல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதுவும் இரண்டு மாதம் முன்னாடியே. ஒன்றரைக் கிலோ. ஒரு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்து, இரண்டு கிலோ ஆனதும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும்தான் என் மனைவியின் கஷ்டம் ஆரம்பித்தது. குழந்தை தூங்கும்போது அதன் மூக்குக்கடியில் இரண்டு விரலை வைத்தபடி உட்கார்ந்துவிடுவாள். மூச்சு விரலில் படுகிறதா என்று பார்ப்பாள். பட்டாலும் எடுக்க மாட்டாள். ராத்திரி, பகல் என்று கிடையாது. அவளுடைய அக்கா வந்து ஊட்டிவிட்டால்தான் சோறு. நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்கிறேன், நீ படு என்றால், "நீ தூங்கிடுவய்யா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். பத்து நாளில் கண் குழிந்து, குளிக்கப் போன இடத்தில் ஒரு நாள் மயங்கி விழுந்தாள்.

அவளுடைய அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிறவர். விடியற்காலையில் ஏலத்தில் நின்று, ஒன்பது மணிக்குள் விற்று முடித்து, நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அவர்தான் ஒரு நாள் அந்தப் பேச்சை எடுத்தார். பிள்ளை தங்காத வீட்டில் அடுத்து பிறக்கிற குழந்தைக்கு வலது மூக்கைக் குத்திவிட வேண்டும். ஆணாக இருந்தாலும் சரி, பெண்ணாக இருந்தாலும் சரி.

"காசிமேட்டுக்கு வந்து பாரு தம்பி," என்றார். "கீறல் வுயுந்த மீன எவனாவது ஏலத்துல கேக்கறானா? தள்ளி வுட்டுப் போய்கினே கீறான் இல்ல? அத்த மாரிதான். ஒரு ஓட்டைய போட்டு வச்சிட்டா எமன் வந்து பாப்பான், இது சொத்தை, நமக்கு வோணாம்னு போய்கினே இருப்பான்."

என் மனைவி விரலை எடுக்காமலேயே அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அவள் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள் என்று. அண்ணி அடுத்த வெள்ளிக்கிழமைக்குப் பத்தர் ஒருவரை வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் நகை செய்கிறவரைப் பத்தர் என்றுதான் சொல்வோம். காது, மூக்கு குத்துவதும் அவர்தான்.

செவ்வாய்க்கிழமை குழந்தையை எடை பார்க்கக் கொண்டுபோனபோது, கூச்சத்தை விட்டு நர்ஸம்மாவிடம் கேட்டேன். அவர் பதறிவிட்டார். தடுப்பூசியெல்லாம் போட்டு, நன்றாக எடை ஏறுகிற வரைக்கும் காதும் குத்தக் கூடாது, மூக்கும் குத்தக் கூடாது, இவ்வளவு சின்னக் குழந்தைக்கு லேசாகச் சீழ் பிடித்தாலும் தாங்காது, வீட்டில் பெரியவர்கள் சொன்னாலும் கேட்காதீர்கள் என்றார். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளிலும் கிருமி தொற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அச்சடித்திருந்தது.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் முழுதும் கேட்டாள்.

"பேப்பரா?" என்றாள். "அந்த ரெண்டுக்கும் கூடத்தான் பேப்பர் குட்தாங்க. பொட்டில பத்திரமா வச்சிகீறேன். எட்து காட்டவா?"

வழக்கம் போலச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வாசல் வரை போனதும் அவள் குரல் பின்னால் வந்தது. "குத்தினாலும் பயமா கீது, குத்தாகாட்டியும் பயமா கீது. நான் இன்னாதான்யா செய்றது?"

புதன்கிழமை முழுதும் அது என் காதிலேயே இருந்தது. அண்ணியிடம் சண்டை போட எனக்குத் தெரியாது. பத்தரை வர வேண்டாம் என்று தடுத்துவிடலாம். ஆனால் அதற்குப் பிறகு குழந்தைக்கு ஒரு தும்மல் வந்தாலும் அவள் மனசு என்ன ஆகும்? தடுக்காமல் விட்டால் குழந்தைக்கு என்ன ஆகும்?

வியாழக்கிழமை காலை ஷிப்டில், மேல்பக்கம் கிழிந்த பெட்டி ஒன்றை வாசலில் திருப்பி அனுப்பினேன். அந்த லாரி பின்னால் எடுத்துத் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எமன் எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் யாரைப் பார்ப்பான்? வாசலில் நிற்கிறவனைத்தானே பார்ப்பான். ஓட்டை என் மூக்கில் இருந்தால் அங்கேயே பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதானே. இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். எனக்கு எமன் மேல் பெரிய நம்பிக்கை எல்லாம் கிடையாது. ஆனால் அன்றைக்கு இதைத் தவிர வேறு வழியும் தெரியவில்லை.

ஷிப்ட் முடிந்து, திருவொற்றியூர் மெயின் ரோட்டில் ஒரு செல்போன் கடைக்கு மேலே, மாடியில் இருக்கும் பச்சை குத்துகிற கடைக்குப் போனேன். மூக்கு, புருவம், உதடு எல்லாம் குத்துவதாக வெளியே படம் போட்டிருப்பார்கள். பத்தரிடம் போனால் அண்ணிக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில்தான் இங்கே வந்தேன். படி ஏறினேன். உள்ளே கல்லூரிப் பெண்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். இறங்கி வந்துவிட்டேன். கீழே கரும்பு ஜூஸ் குடித்துவிட்டு மறுபடி ஏறினேன்.

குத்துகிறவரும் ஒரு பெண்தான். முப்பது வயதிருக்கும். இரண்டு கையிலும் தோள் வரைக்கும் பூவும் கொடியுமாகப் பச்சை. என்னைப் பார்த்ததும், பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று நினைத்துப் பின்னால் எட்டிப் பார்த்தார். எனக்குத்தான் என்று மூக்கைக் காட்டினேன்.

"உங்களுக்கா? ஸ்டைலுக்கா அங்கிள்?"

காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். "சூப்பர் அங்கிள்!" என்று அவர் சத்தமாகச் சொன்னதில், அந்த மூன்று பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். ஓடிப்போய்விடலாமா என்றிருந்தது.

கண்ணாடிக்கு முன்னால் நாற்காலியில் உட்கார வைத்து, கையுறை போட்டுக்கொண்டு, மருந்துப் பஞ்சால் மூக்கைத் துடைத்தார். எந்தப் பக்கம் என்று கேட்டார். முகவாயை அவர் பிடித்திருந்ததால் பேச முடியவில்லை. கண்ணாடியில் விரலை நீட்டிக் காட்டினேன். பேனாவால் புள்ளி வைத்து, சரியா என்றார். நன்றாகப் பார்த்து, சரி என்று கண்ணை மூடிக் காட்டினேன். கொசு கடித்த மாதிரிதான் இருக்கும் என்றார். அவ்வளவு பெரிய கொசுவை எண்ணூர் கழிமுகத்தில்கூட நான் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஒரு சின்ன வெள்ளைக் கல் வைத்த ஸ்டீல் மூக்குத்தியைச் செருகி, தினமும் உப்புத் தண்ணீரில் கழுவச் சொல்லி அனுப்பினார். இறங்கும்போது, "அங்கிள், நெஜமாவே நல்லா கீது" என்றார். அந்த மாதிரி ஒரு வார்த்தையை என்னைப் பார்த்து யாரும் சொன்னதில்லை. யார்டில் புழுதிக்காகப் போடுகிற முகமூடியைப் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

வீட்டில் என் மனைவி சுவரில் சாய்ந்து, மடியில் குழந்தை, மூக்கடியில் விரல், அப்படியே இருந்தாள். அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். முகமூடியைக் கழற்றினேன். எல்லாம் மறந்துவிட்டது.

"இன்னாய்யா இது?" என்றாள்.

"பாப்பாக்கு வேணாம். எனக்குக் குத்திக்கினேன். இது போதும்னு வச்சிக்கலாம்," என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். பிறகு, "வலது பக்கம்யா," என்றாள்.

"வலது பக்கம்தான்."

"அது இடது பக்கம்யா!"

கையைத் தூக்கித் தொட்டுப் பார்த்தேன். இடது பக்கம்தான். கொஞ்ச நேரம் எனக்கே ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் விளங்கியது. யார்டு வாசலில் லாரி எனக்கு எதிரே வந்து நிற்கும். அதன் வலது பக்கம் நசுங்கியிருந்தால் எனக்கு அது இடது கைப் பக்கம். அதை மனசுக்குள் திருப்பிப் போட்டு வலது என்று எழுத வேண்டும். இருபது வருடமாகத் திருப்பித் திருப்பி எழுதியவன், கண்ணாடியில் எதிரே தெரிந்த என் முகத்தையும் லாரி மாதிரியே திருப்பிவிட்டேன். புள்ளி வைத்துக் காட்டியபோதும் அதையே சரி என்று ஒத்துக்கொண்டேன்.

இதைத் திணறித் திணறி அவர்களிடம் சொன்னேன். அண்ணி கீரையைக் கீழே போட்டுவிட்டார். "கண்ணாடில லாரி தெரிஞ்சிச்சா உனக்கு? ஹாரன் அட்ச்சுதா?" என்று கேட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் மனைவி முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டு அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. சிரித்தாள். தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு சிரித்தாள். குழந்தை திடுக்கிட்டு விழித்துக்கொண்டது. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தை அது கேட்டதே இல்லை. அழாமல் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆனால் சிரிப்பு முடிந்ததும் அவள் முகம் பழையபடி ஆகிவிட்டது. விரல் மறுபடி குழந்தையின் மூக்கடிக்குப் போய்விட்டது. "இது செல்லாதுய்யா," என்றாள் மெதுவாக. "நாளைக்குப் பத்தர் வராரு."

வெள்ளிக்கிழமை நான் லீவு சொல்லியிருந்தேன். ஒன்பது மணிக்குப் பத்தர் ஸ்கூட்டரில் வந்தார். பேண்ட் பையிலிருந்து ஒரு சின்ன டப்பியை எடுத்து, தங்கக் கம்பியைக் காட்டினார். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன். ஒரு முனை ஊசி மாதிரி கூராக இருந்தது. அதாலேயே குத்தி, அப்படியே வளைத்து முறுக்கிவிடுவாராம். தட்டில் மஞ்சளும் எண்ணெயும் வைத்துக்கொண்டு அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தார். என் மனைவி குழந்தையை வெள்ளைத் துணியில் சுற்றி மடியில் கிடத்தி, அதன் இரண்டு கையையும் தன் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். எனக்கு இடது பக்க மூக்கு வீங்கித் தெறித்தது. நான் கதவோரம் நின்றிருந்தேன்.

பத்தர் கம்பியை எண்ணெயில் தோய்த்து எடுத்தார். நான் எப்போதும் போல வெளியே போய்விடலாம் என்று ஒரு கால் எடுத்தும் வைத்தேன். அப்புறம் என்ன ஆனதென்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பத்தருக்கும் குழந்தைக்கும் நடுவில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"எனக்குக் குத்துங்க," என்றேன். என் குரல் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

பத்தர் என் இடது பக்கத்தைப் பார்த்தார். "அதான் ஏற்கனவே ஒண்ணு கீதே நைனா?"

"அது தப்பான பக்கம்."

"தம்பி, வெளாடாத. எய்ந்திரு," என்று அண்ணி என் தோளைப் பிடித்து இழுத்தார். "கொயந்தைக்குப் போட வேண்டியத உனுக்குப் போட்டா எப்டி?"

நான் எழுந்திருக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் என்ன செய்கிறாள் என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அண்ணி பேசிக்கொண்டே இருந்தார். பத்தர் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு யாரைக் கேட்பது என்று தெரியாமல் விழித்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பின்னால் துணி சரசரக்கும் சத்தம் கேட்டது. குழந்தையை மடியிலிருந்து தூக்கித் தோளில் போட்டுக்கொள்கிற சத்தம்.

"அவுருக்கே குத்துங்க," என்றாள்.

அண்ணி, "அடியே" என்றார். "வுடுக்கா. இவுருக்கே குத்தட்டும்," என்றாள் மறுபடி.

பத்தர் குத்தினார். பச்சை குத்துகிற பெண்ணின் கை எவ்வளவு மென்மையானது என்று அப்போதுதான் தெரிந்தது. என்னையும் அறியாமல் அழுதுவிட்டேன். பத்தர் கம்பியை வளைத்துக்கொண்டே, "முப்பது வருசமா கொயந்தைங்கள அழ வச்சிகீறேன். இவ்ளோ பெரிய கொயந்த இப்பதான்," என்றார். குழந்தைக்காகக் கொண்டுவந்த கம்பி என் மூக்கின் தடிமனுக்குப் பத்தவில்லை. இழுத்துப் பிடித்துக் கடைசி நுனியில் ஒரு முறுக்கு போட்டார். இன்றைக்கும் அது இறுக்கமாகத்தான் இருக்கிறது. அண்ணி கோபத்தோடு மஞ்சளும் எண்ணெயும் தடவிவிட்டார். தடவுகிற சாக்கில் மூக்கை ஒரு கிள்ளும் கிள்ளினார்.

பத்தர் போன பிறகு என் மனைவி குழந்தையை என் கையில் கொடுத்தாள். நான் கேட்கவில்லை. அவளாகவே கொடுத்தாள். பாயை விரித்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். பத்தரை மணி இருக்கும். மூன்று மணி வரை புரளக்கூட இல்லை. நான் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தேன். சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் என் விரல் குழந்தையின் மூக்கடியில் இருந்தது. எடுத்தேன். மறுபடி போய்விட்டது. மூச்சு அவ்வளவு லேசாக வந்தது. இரண்டு மூச்சுக்கு நடுவில் கொஞ்சம் இடைவெளி விழுந்தாலும் குனிந்து காதை வைத்துக் கேட்டேன். இத்தனை நாளாக அவள் தனியாக இதில் இருந்திருக்கிறாள்.

மூன்று மணிக்கு அவள் எழுந்து, முகம் கழுவி, தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏன் சரி என்று சொன்னாய் என்று கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "நேத்து நீ தப்பான பக்கம் குத்திகினு வந்து நின்னியே, அப்பதான்யா தெரிஞ்சுது, உனக்கும் பயம் கீதுன்னு. இத்தினி வருசமா எனக்கு மட்டும்தான்னு நெனைச்சிகினு இருந்தேன்."

அதன் பிறகு அவள் விரல் வைப்பதை ஒரே நாளில் விட்டுவிடவில்லை. ஆனால் முறை வைத்துக்கொண்டோம். ராத்திரியில் பாதி நேரம் நான். பாதி நேரம் அவள். ஒரு மாதத்தில் அதுவும் குறைந்தது.

இடது பக்க ஸ்டீல் மூக்குத்தியை அன்றே எடுத்துவிட்டேன். சனிக்கிழமை வேலைக்குப் போனபோது முகமூடியில் கம்பி சிக்கிச் சிக்கி இழுத்தது. வேறு வழியில்லாமல் முகமூடியைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றேன். அவ்வளவுதான். யார்டு முழுக்கப் பரவிவிட்டது. "மாமு, மாப்ள வூட்டுக்காரங்க எப்ப பாக்க வராங்க?" என்றான் கிரேன் ஓட்டுகிறவன். "அடுத்த வாட்டி கொலுசு போட்டுகினு வா, நீ வர்ற சத்தம் எங்களுக்குக் கேக்கல," என்றான் இன்னொருவன். கேன்டீனில் எனக்கு மட்டும் டீயைக் கிளாஸில் பூ வைத்துக் கொடுத்தார்கள். முன்பென்றால் வேலையை விட்டே நின்றிருப்பேன். காரணத்தைக் கேட்டவர்களுக்கெல்லாம் சும்மாதான் என்று சொல்லி மழுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம், தூத்துக்குடியிலிருந்து வந்த லாரி ஒன்றை நிறுத்தினேன். டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். கேபினிலிருந்து குனிந்து சீட்டைக் கொடுத்தவர் என் மூக்கையே பார்த்தார். அடுத்த கேலிக்கு நான் தயாராக நின்றேன்.

"எத்தனைக்குப் பொறவு அண்ணாச்சி?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. அவர் முகத்தை வெயில் பக்கம் திருப்பி, வலது மூக்கை விரலால் தட்டிக் காட்டினார். அங்கே கடுகு அளவில் ஒரு பள்ளம், தூர்ந்துபோன ஓட்டை. "எனக்கு முன்னால நாலு," என்றார். "அஞ்சாவது நான். உங்களுக்கு முன்னால எத்தன?"

"எனக்கு இல்லைங்க," என்றேன். "என் பொண்ணுக்காக. அவளுக்கு முன்னாடி ரெண்டு."

அவர் கதவைத் திறந்து கீழே இறங்கினார். பையனா, பெண்ணா என்று கேட்டார். முதலில் பையன், ஒன்பது நாள் என்றேன். பிறகு பெண், நான்கு மாதம் என்றேன். அதோடு நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்தேன். ஆனால் வாய் நிற்கவில்லை. அவள் சிரிக்க ஆரம்பித்திருந்தாள் என்றேன். மின்விசிறியைப் பார்த்துத்தான் சிரிப்பாள் என்றேன். பையனுக்குத் தலை நிறைய முடி இருந்தது என்றேன். பின்னால் நின்ற லாரிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. எட்டு வருடமாக யாரிடமும், என் மனைவியிடம்கூட, நான் சொல்லாததை எல்லாம் பெயர் தெரியாத ஒருவரிடம் புழுதியில் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"பேரு வச்சிருந்தீயளா?" என்று கேட்டார்.

சொன்னேன். அவர் அந்த இரண்டு பெயரையும் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். பிறகு என் தோளைத் தட்டிவிட்டுக் கேபினில் ஏறிக்கொண்டார். அவருடைய சீட்டில் நான் எழுதியிருந்த எண் தப்பு. மறுபடி நிறுத்தித் திருத்த வேண்டியிருந்தது. அதற்கும் சிரித்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், நடந்ததை என் மனைவியிடம் சொன்னேன். அந்தப் பெயர்களையும் சொன்னேன். எங்கள் வீட்டுக்குள் அந்தப் பெயர்களை என் வாயால் அவள் கேட்டு எட்டு வருடம் ஆகியிருந்தது. அவள் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு வந்தாள். அதற்குள் பையனின் கால் பாதத்தை மையில் ஒற்றி எடுத்த தாளும் இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. என் சுண்டுவிரல் அளவுதான் இருந்தது அந்தப் பாதம். இரண்டு பேரும் அழுதோம். ஆனால் துக்கமாக மட்டும் இல்லை. மடியில் கிடந்த குழந்தை உதைத்த கால் அந்தத் தாளில் பட்டது.

இப்போது என் மகளுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. வீட்டில் நிற்பதே இல்லை. ஒரே ஓட்டம். தடுப்பூசி எல்லாம் முடிந்து எடையும் ஏறியதும் அண்ணி மறுபடி பத்தர் பேச்சை எடுத்தார். என் மனைவிதான் வேண்டாம் என்றாள். "அவளே பெரிசாயி, ஆசப்பட்டுக் கேட்டா குத்திக்கட்டும்க்கா. இப்ப இன்னா அவசரம்?" என்றாள். அவள் அதை வெங்காயம் நறுக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு அதைவிடப் பெரிய செய்தி அந்த வருடம் வேறு எதுவும் இல்லை. அண்ணி என் மூக்கைப் பார்த்து, "இந்தச் சொத்தை மீனு ஒண்ணே போதும்ன்ற," என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

கம்பியைக் கழற்றிவிடலாமே என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். எமனுக்காக நான் அதைப் போட்டுக்கொண்டிருக்கவில்லை. புதிதாக வருகிறவர்கள் யாராவது மூக்கைப் பார்த்து, என்ன விஷயம் என்று கேட்கிறார்கள். கேட்டால் இப்போது நான் தலையைக் குனிந்துகொள்வதில்லை. எனக்கு மூன்று பிள்ளைகள் என்று ஆரம்பிக்கிறேன். பயத்தையும் துக்கத்தையும் வெளியே காட்டாமல் இருப்பதுதான் ஆண்பிள்ளைக்கு அழகு என்று நான் நினைத்துக்கொண்டிருந்த எட்டு வருடமும், என் மனைவி அதே வீட்டில், என் பக்கத்திலேயே, தனியாக இருந்திருக்கிறாள் என்பது எனக்கு மூக்கு குத்திக்கொண்ட பிறகுதான் தெரிந்தது. அவளை இனி ஒரு நாளும் அப்படித் தனியாக விட மாட்டேன்.